வாசிக்க ஆள் வேண்டாம்

ஹாலிஃபாக்ஸ் நகரத்து அச்சகத்தில், பிழைதிருத்தும் அறை வாசலில் நனைந்த குடையோடு நிற்கிறாள் மியூரியல். இத்தனை வருஷமாகக் கைப்பிரதியை உரக்க வாசிப்பது அவள்தான். காற்புள்ளி வந்தால் மேஜையில் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு. எதிரே உட்கார்ந்து ஈனிட் அச்சுத்தாளைத் திருத்துவாள். இன்று மியூரியலின் நாற்காலியில் ஈனிடின் கைப்பை உட்கார்ந்திருக்கிறது. “வாசிக்க இனிமே ஆள் வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாரு.” ஈனிட் நிமிரவில்லை. “தனியாவே பார்த்துக்குவேன்னு அவர்கிட்ட போய்ச் சொன்னது யாரு?” “ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னாரு. நான் என்னடி பண்ணட்டும்? டீ குடிக்கிறியா, கண்ணு?” “என் வேலையைக் குடிச்சுட்டு எனக்கு டீ ஊத்துறியா?” மழை ஜன்னல் கண்ணாடியில் வழிகிறது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் கைப்பிரதிக்கும் அச்சுத்தாளுக்குமாக அலைகிற ஈனிடின் பென்சில், கிறுக்கலான ஒரு வரியில் நின்றுவிடுகிறது. “இங்க காற்புள்ளியா, அரைப்புள்ளியா, மியூரியல்?” பழக்கத்தில் கேட்டுவிடுகிறாள். கேட்ட பிறகுதான் அவள் காது மடல் சிவக்கிறது. மேஜைக்கு எதிரே வந்து, தலைகீழாகப் பார்த்தே அது எதுவென்று மியூரியலுக்குத் தெரிந்துவிடுகிறது. பதில் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. அதை விழுங்கிக்கொண்டு, மேல்கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போடுகிறாள். “தனியாப் பார்த்துக்குவேன்னியே, பாரு.”