பச்சையாகும் குழாய்
கோயில் திருவிழாவுக்கு மறுநாள் காலை. பரீட்சைக்காகப் பசறைக்குப் போகும் பிள்ளைகள் தோட்டத்து லொறியில் ஏறி நிற்கிறார்கள். தோட்டத்து ஆபீசான கந்தோரின் வாசல் பல்பை மூடுபனி சுற்றி நிற்கிறது. பலூன் மாட்டிய கண்ணாடிக் குழாயைச் சாரதி ஊதிக் காட்டினால்தான் கிளாக்கர் ரெங்கசாமி லொறிச் சாவியைக் கொடுப்பார். கம்பெனி போட்ட புதுச் சட்டம். மென்றுகொண்டிருந்த கொய்யா இலையைத் துப்பிவிட்டுச் சாரதி கருணாகரன் ஊதுகிறான். மூச்சில் சாராயம் இருந்தால் நிறம் மாறும் மஞ்சள் துகள்கள், குழாய்க்குள் மெல்லப் பச்சையாகின்றன. “வாட வரலதானே மச்சான்? சாவியக் குடுங்க.” “எல வாடையத்தான் மறைக்கும் மச்சான்.” ரெங்கசாமி சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டுகிறார். “நாலு மைல்தான். எறங்குங்க புள்ளைகளா, நானும் கூட நடந்து வர்றேன்.” ஒருவரும் அசையவில்லை. பிறகு, பின்பலகையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்குகிறாள் கருணாகரனின் மகள்.