ஆறாவது குரோமோசோமில் ஒரு மலை

கணினித் திரையின் வரைபடத்தில் மலை ஒன்று எழும்பி நின்றது.

மருமகள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். மக்காச்சோள மணியைக் கடினமாக்கும் மரபணு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மூன்று வருடமாகத் தேடாத இடமில்லை. பத்து குரோமோசோம்களில் ஒன்பது வெறும் சமவெளி. ஆறாவதில் மட்டும் இந்த மலை; மரபணு அங்கேதான் என்று அர்த்தம்.

சாயங்காலத்துக்குள் இதைத் தலைமை விஞ்ஞானிக்கு அனுப்பிவிட்டால் அவள் வேலை நிரந்தரம்.

மாமனார் அதற்குள் நாலு பேருக்குப் போன் போட்டுவிட்டார். அவருக்கும் இதில் பங்குண்டு. ஆய்வுக்கூடத்தில் மணியை உடைத்துப் பார்க்கும் மெஷின் படுத்துக்கொண்டதும், சோளத்தை வீட்டுக்கே கொண்டுவந்து இருவரும் பல்லால் கடித்து மதிப்பெண் போட்டார்கள். மாவாக உதிர்ந்தால் ஒன்று, கல்லாக நின்றால் ஐந்து. நாற்பது வருடம் மாவு மில் நடத்தியவர். ஒரே கடியில் சோளத்தின் வண்டவாளத்தைச் சொல்லிவிடுவார். வெள்ளை ரகங்கள் இருந்த கூடையை அவள் எடுத்துக்கொண்டாள். மஞ்சள் கூடை அவருக்கு.

அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது.

மலை நின்ற இடத்தை மறுபடி பார்த்தாள். மணிக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் மரபணு அச்சு அசலாக அதே இடத்தில்தான் இருக்கிறது. மஞ்சளைக் கடித்தது ஒரு வாய், வெள்ளையைக் கடித்தது இன்னொரு வாய். அப்படியென்றால் மலை காட்டுவது மணியின் கடினத்தையா, கடித்த வாயையா?

படித்த படிப்பெல்லாம் எங்கே போயிருந்தது? இரண்டு கூடையையும் கலந்து பிரித்திருக்க வேண்டாமா?

வெள்ளைக் கூடையில் கைவிட்டு, தான் ஒன்று போட்டிருந்த ரகத்தில் வேறொரு மணியைத் தேடி எடுத்து மாமனாரிடம் நீட்டினாள். காரணம் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறாள் என்று தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார்.

அவர் ஜம்மென்று வாயில் போட்டுக் கடித்தார். தாடை ஒரு பக்கம் போனது, கண் ஒரு பக்கம் போனது.

“கல்லும்மா இது. கண்ண மூடிக்கிட்டு அஞ்சு போடு.”

அவள் ஒன்று போட்ட அதே ரகம். பக்கத்திலிருந்த புருஷனைப் பார்த்தாள். அவன் என்றுமில்லாத அக்கறையோடு மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான். அப்பா அவனைப் பார்த்துச் சொல்லாதே என்று கண்ணடிக்க, அவனுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

“போதும்ப்பா, கழட்டிக் காட்டிடுங்க. புது பல் செட்டு, எதக் கடிச்சாலும் கல்லாத்தான் தெரியும், ரெண்டு மாசத்துக்கு எதையும் கடிக்காதீங்கன்னு என் கிளினிக்லயே எத்தன தடவ சொன்னேன்?”

மாமனார் திருதிருவென விழித்தார். பிறகு மேல்வரிசையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பொக்கைவாயோடு சிரித்தார்.

ஆக, மூன்று வருடம் தேடி மக்காச்சோளத்தின் ஆறாவது குரோமோசோமில் அவள் கண்டுபிடித்தது, புருஷன் கட்டிக்கொடுத்த பல் செட்டை. கோபம்தான் வந்திருக்க வேண்டும். அனுப்பாமல் தப்பித்த நிம்மதியில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

தலைமை விஞ்ஞானியிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டு எழுதினாள். மஞ்சள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஐந்து போட்டிருந்த முதல் ரகத்தில் ஒரு மணியைக் கடித்தாள்.

மாவாக உதிர்ந்தது.

பேனாவை மாமனார் கையில் கொடுத்து, ஒன்று என்று எழுதச் சொன்னாள்.