சுவரில் ஒரு கண்

"அந்தம்மாவை இன்னையோட நிப்பாட்டிரு" என்றான் நாசர்.

பள்ளிக்கூட இடைவேளை. பல்கீஸ் போனோடு வேப்பமர நிழலுக்கு நகர்ந்தாள்.

"என்ன மச்சான், காலையிலேயே?"

"நாலு நாளாப் பாக்குறேன். பத்தரை ஆனா புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கிட்டோ போயிருது. பதினொன்னரைக்குத்தான் ஹாலுக்குத் திரும்பி வருது. டாக்டர் என்ன சொன்னாரு? தினம் ஒரு மணி நேரம் டயப்பரைக் கழட்டிப் போட்டுக் காத்தாட விடச் சொன்னாருல்ல? அது ஒரு தடவைகூடக் கழட்டி நான் பாக்கலை."

நாசருக்கு ஷார்ஜாவில் கிடங்கு வேலை, ராத்திரி ஷிப்ட். விடிந்து அறைக்கு வந்தால் மேல்கட்டிலில் படுத்து, காரைக்குடி வீட்டு ஹாலைப் போனில் திறந்து வைத்துக்கொள்வான். சனாவுக்கு எட்டு மாதம். அவன் இன்னும் தூக்கிப் பார்க்காத மகள். பார்த்துக்கொண்டே கண்ணை மூடினால் கனவில் மடிக்கு வருவாள். இந்த நாலு நாளும் கனவிலும் வெறும் ஹால்தான் வந்தது.

ஆள் விட்டுக் கேமரா மாட்டச் சொன்னது அவன்தான். மாட்டிய அன்றே மனைவிக்கு ஒன்று சொன்னான். "ஹால்ல நடக்கும்போது முக்காடு போட்டுக்க. ரூம்ல நாலு பேரு இருக்கோம். எவனாவது எட்டிப் பாப்பான்."

இதைப் பல்கீஸ், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் புஷ்பவள்ளியிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

புஷ்பவள்ளி புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் பன்னிரண்டு வருடம் நெல் அவித்தவள். பெண்களுக்குக் கதவு வைத்த கழிப்பறை கேட்டதற்காக வெளியே தள்ளப்பட்டவள். அங்கே மேஸ்திரியின் கண் முதுகிலேயே இருக்கும். இங்கே கண் சுவரில் இருந்தது. சேர்ந்த அன்று அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவளுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"டயப்பர் புண்ணு கொஞ்சம் வாடின மாதிரி இருக்கு மச்சான். நேத்து ராத்திரி பாத்தேன்."

"மாதிரி."

பல்கீஸ் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மூணு வாரமாப் புள்ள துடிக்குது. எண்ணெய் போட்டாச்சு, பவுடர் போட்டாச்சு, டாக்டரையும் பாத்தாச்சு. அவர் சொன்னதைச் செய்யலைன்னா எப்படி ஆறும்? இப்ப மணி பத்தே முக்கால். நீயே போய்ப் பாரு. ஹால்ல ஆளில்ல."

பக்கத்தில் நின்ற ரோகிணி டீச்சருக்குப் பாதி காதில் விழுந்திருந்தது. மீதியை அவளே நிரப்பிக்கொண்டாள்.

"ஆள் வச்சா இப்படித்தான் பல்கீஸ். புள்ளையக் காத்தாட விடச் சொன்னா, அது காத்தாடப் படுத்திருக்கும்."

சொன்னவள் சிரித்தாள். பல்கீஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். புஷ்பவள்ளிக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது வழியில் ஞாபகம் வந்தது. வீடு வருவதற்குள் ரோட்டு வெயிலில் அந்த ஞாபகமும் காய்ந்துவிட்டது.

வாசலில் நாசரை மறுபடி ஸ்பீக்கரில் அழைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சாவி போட்டுத் திறந்தாள். ஹாலில் பாய் மட்டும் விரித்தபடி கிடந்தது. சுவரில் கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு. அவள் கை தானாக முக்காட்டை இழுத்துவிட்டது.

"உன்னைப் பாத்துட்டேன்" என்றது கையிலிருந்த போன். "உள்ள போ."

பின்கட்டில் காலடி வைத்ததும் ஊரே நின்றுபோன மாதிரி இருந்தது. கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக ஒரு துண்டு வெளிச்சம் இறங்கி, தண்ணீர்போலத் தரையில் தேங்கிக் கிடந்தது. ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள் அதில் மிதந்தன. அதன் கரையில், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட கண்டாங்கிச் சேலை விரிப்பில் சனா குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தாள். டயப்பர் இல்லை. பக்கத்தில் ஆறவைத்த வெந்நீர்க் கிண்ணம், மடித்த பழந்துணிகள், டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு. புஷ்பவள்ளியின் கையில் ஓலை விசிறி. காற்று வருவதாகவே தெரியவில்லை. வெளிச்சம்தான் மெல்ல அசைந்தது.

மூன்று வாரமாகச் சிவந்து கிடந்த இடம், வெயில் தின்ற சுவரொட்டிபோல வெளுத்திருந்தது.

"மெல்லப் பேசுங்க டீச்சர். இப்பத்தான் கண்ணசந்துச்சு."

பல்கீஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் செஞ்சிருக்கீகளே அக்கா. இதை ஹால்லயே செஞ்சிருக்கலாம்ல? நீங்க புள்ளையவே பாக்கலைன்னு அவுக நெனச்சுட்டாக."

"மில்லுலயும் அப்படித்தான் நெனச்சாக. கதவு கேட்டதே வேலைக்கு ஒளியத்தான்னு."

"வேலையே போயிருக்கும்க்கா."

"முன்னாடியும் போயிருக்கு."

போன் கரகரத்தது. "கேளு பல்கீஸ். நல்லது செய்யிறவக எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டுச் செய்யணும்?"

புஷ்பவள்ளி விசிறியை நிறுத்தவில்லை. போன் பக்கம் திரும்பவும் இல்லை. பிள்ளையின் முதுகில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தம்பி ரூம்ல நாலு பேரு இருக்காகன்னுதானே ஹால்ல நீங்க முக்காட்டை இழுத்து விட்டுக்கிறீக? இதுவும் பொட்டப்புள்ளதான். இதுக்கு இன்னும் இழுத்து மூடிக்கத் தெரியாதுல்ல, டீச்சர்."