நடக்கிற வயது

முப்பது முதல் முப்பத்து நான்கு வரை என்று போட்டுத் தேடினாள்.

அவளே அதில் இல்லை.

திரும்பவும் தேடினாள். கோவையில் யார் யாரோ வந்தார்கள். பட்டுப்புடவையில், பூங்காவில், பக்கத்தில் நின்ற தோழியைப் பாதியாக வெட்டியெடுத்த படத்தில். அவள் மட்டும் வரவில்லை.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு. வேலை, இந்த வரன் தேடும் தளத்தில் பிழை பிடிப்பது. வயது வரம்பு சரியாக வடிகட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தன்னையே வைத்துப் பார்ப்போமே என்று ஆரம்பித்தாள்.

மேல் எல்லையை ஓர் எண் தள்ளினாள். முப்பத்தைந்தில் வந்து நின்றாள், பல்லெல்லாம் தெரிய.

அவளைப் பதிவு செய்தது அப்பா. போன் போட்டாள்.

"எனக்கு எத்தனை வயசுன்னு போட்டிருக்கீங்க?"

"முப்பத்தஞ்சு நடக்குதல்ல கண்ணு?"

நடக்கிறது. முடியவில்லை.

கம்ப்யூட்டருக்கு முடிந்த வயதுதான் வயது. அப்பாவுக்கோ பிறந்தநாள் விடிந்ததுமே அடுத்தது தொடங்கிவிடும். முப்பத்து நான்கு வரை போதும் என்ற எத்தனை வீட்டார் கண்ணில் படாமலே போனாளோ. ஒரு வரனும் அமையவில்லையே என்று அம்மா கோயில் கோயிலாக அலைகிறாள். சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

திருத்தப் போனவள் நின்றாள்.

சரி, முப்பத்தைந்தில் இருந்துகொண்டு யார் கண்ணில்தான் பட்டிருக்கிறோம்? தெரிந்துகொள்ளாமல் விட மனசில்லை. மாப்பிள்ளைகள் பக்கம் போனாள். அவளைவிட மூத்தவர்களை மட்டும் காட்டும்படி அப்பா வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டாள்.

முதல் முகம் தணிகைவேல். வயது முப்பத்திரண்டு.

எதிர் மேசைக்காரன். இந்த வடிகட்டியை எழுதியவனே அவன்தான். ஊறுகாய் கேட்கிற சாக்கில் மதியம் அவளிடம் வந்து உட்காருவான். போன மாதம் பேச்சோடு பேச்சாக வயதைக் கேட்டான். அப்பா பெற்ற பிள்ளையாயிற்றே, அவளும் முப்பத்தஞ்சு நடக்குது என்றுதான் சொல்லியிருந்தாள்.

அவன் எதிர்பார்க்கும் பெண்ணின் வயது: முப்பத்தைந்து முதல் முப்பத்தைந்து வரை.

இப்படிக்கூட ஒருத்தன் வரம்பு போடுவானா? பிழை என்றுதான் நினைத்தாள்.

உயரம்: ஐந்தடி இரண்டு முதல் ஐந்தடி இரண்டு வரை.

அந்த வரம்புகளைப் போட்டுத் தேடினாள். கோவை முழுக்க ஒருத்திதான் வந்தாள், பல்லெல்லாம் தெரிய.

காது சுட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க முடியவில்லை.

தன் வயதை முப்பத்து நான்கு என்று திருத்தினாள். மறுபடி தேடினாள்.

'யாரும் இல்லை' என்றது திரை.

"தணிகை, உங்க ஃபில்டர்ல ஒரு பக் இருக்குதுங்க."

எழுந்து வந்தான். "எங்கீங்க?"

"வயசுல. கீழ் எல்லையை ஒண்ணு குறைக்கோணும்."

குனிந்து பார்த்தான். திரையில் அவன் போட்ட வரம்புகள்.

"ஒண்ணு குறைச்சாப் போதுங்களா?" என்றான்.