முதல் வரியில் ஒரு உ

கம்ப்யூட்டர் திரையில், சிவப்பில் ஒரே ஒரு வரி.

அதை நீக்கிவிடலாமா என்று கேட்டுக்கொண்டு, அடியில் பச்சைப் பொத்தான்.

அவள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

கேட்டிருப்பவன் ஹென்ரிக். நார்வேக்காரன். முன்பின் தெரியாதவன். மரியாதையாகத்தான் எழுதியிருந்தான்: "முதல் வரியில் தவறுதலாக 2 மாதிரி ஏதோ விழுந்திருக்கிறது. நீக்கியிருக்கிறேன். நன்றி."

2 இல்லை அது. உ.

பிள்ளையார் சுழி.

அறுபது வரி நிரல்தான். தேதிகளை முன்பின் மாறாமல் அடுக்கிக் கொடுக்கும், வேறொன்றும் தெரியாது அதற்கு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று, பதினோரு வருடம் முன்னால் அவளும் தணிகாசலமும் கோயமுத்தூர் வீட்டில் உட்கார்ந்து எழுதி இணையத்தில் பொதுவில் வைத்த பேக்கேஜ். இன்றைக்கு வாரத்துக்கு நாற்பது லட்சம் முறை இறங்குகிறது. எந்தெந்த ஊர் மென்பொருளோ அதன்மேல் சாய்ந்து நிற்கிறது.

இறக்குவதெல்லாம் இயந்திரங்கள். ஒன்றுகூட நல்லாயிருக்கியா என்று கேட்காது. உடைந்தால் மட்டும் மனிதர்கள் வருவார்கள். சரியானதும் போய்விடுவார்கள்.

அந்த உ அவள் போட்டதில்லை.

"கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க பிள்ளையாரு?" என்று அன்றைக்குச் சிரித்தாள். நிரலில் வரும் பிழைக்குப் பூச்சி என்றுதானே அந்தத் தொழிலில் பெயர்.

"நீ எழுதறதுல பூச்சி வுழாம பாத்துக்க ஒரு ஆளு வேணுமல்லொ அம்மணி" என்றார் தணிகாசலம்.

எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்தாள்.

அவள் பெயர். அவள் பெயர். அவள் பெயர்.

அவர் போன பிறகு இந்த மூன்று வருடத்தில், அவருடைய வரிகளை ஒவ்வொன்றாக அவளேதான் மாற்றியிருக்கிறாள். ஊரெல்லாம் நம்பி நிற்கும்போது பழசைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா?

உச்சியில் மட்டும், தணிகாசலம்.

இயந்திரம் படிக்காமல் தாண்டிப்போகும் வரி அது. எடுத்தால் எங்கேயும் எதுவும் உடையாது.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஹென்ரிக்குக்கு எழுத உட்கார்ந்தாள். என் கணவர், என்று ஆரம்பித்தாள். அழித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். முன்பின் தெரியாதவனிடம் போய் என்னவென்று சொல்வது? அழித்தாள். கடைசியில் இரண்டு வாக்கியம் மிஞ்சியது.

"அது 2 இல்லை. எங்கள் பக்கம் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் அதைப் போடுவோம்."

அனுப்பிவிட்டு, அவன் கேட்டதை மறுத்து மூடினாள்.

பதில் வரவில்லை.

இவனும் போய்விட்டான்.

பத்தாம் நாள் காலையில் ஒரு புதுக் கோப்பு வந்து நின்றது. லீப் வருடத் தேதி ஒன்று தடுமாறுவதை ஹென்ரிக் கண்டுபிடித்திருந்தான். யாரும் கேட்காமல் அவனே சரிசெய்தும் இருந்தான். முப்பது வரி. சுத்தமான கை.

மேலே, முதல் வரியில், இயந்திரம் தாண்டிப்போவதற்கு இரண்டு சாய்கோடு. அதன் பின்னால், தன்னந்தனியாக:

// 2

அவன் விசைப்பலகையில் அந்த எழுத்து ஏது, பாவம்.

திருத்தக் கை போனது.

நின்றது.

பழைய தமிழ் எண்ணில் உ என்றாலும் இரண்டுதானே.

அப்படியே ஏற்று, பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

பிறகு பதில் எழுதும் கட்டத்தைத் திறந்தாள்.

என் கணவர், என்று ஆரம்பித்தாள்.