கடைசி வரி

மலை எஸ்டேட்டில் வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கிய அலுப்போடு, நாலாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுத் தமிழினியின் அருகே வந்து உட்கார்ந்தாள் பேச்சி.

"ஏத்தா, பத்தியில மையக்கருத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எதைச் சொல்றதுக்காக எழுதுனாங்களோ அதான் அத்தை மையக்கருத்து. மத்ததெல்லாம் அதுக்குத் துணை."

பேச்சி ஒரு தாளைப் பிரித்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இங்கே மூன்று வேளையும் சோறு உண்டு. வார்டன் நல்லவர். ஞாயிறு டி.வி. பார்ப்போம். எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்."

நிமிர்ந்தாள். "சொகமா இருக்கேங்கிறதுதானே மையக்கருத்து? நல்லா யோசிச்சுச் சொல்லு. தப்பாப் புரிஞ்சுக்கிட்டா ஒரு புள்ள பொழப்பு வீணாப் போயிரும்."

"போங்கத்தை, நீங்க பெயிலு! சொகமா இருந்தா புத்தகத்தை ஏன் பத்திரமா வைக்கச் சொல்லணும்? எழுதினவுகளுக்குப் படிக்கணும். அதான் மையக்கருத்து. மத்ததெல்லாம் வீட்டுல அழுவாங்களேன்னு எழுதுனது. ஆமா, இது எந்தப் பாடம்? எங்க புத்தகத்துல இல்லையே?"

பேச்சி தாளை மடித்து வைத்துவிட்டு ஜீப் டிரைவருக்குப் போன் போட்டாள்.

"திருப்பதி அண்ணே, நாளைக்கு நான் மலைக்கு வரல. திண்டுக்கல் மில்லு ஆஸ்டல்ல தங்கி வேலை பாக்க விட்ட என் மகளைக் கூட்டியாறப் போறேன்."