ஆலமரம் கேட்ட தொட்டி

ஒரு பால்கனியில் போன்சாய் ஆலமரம் ஒன்று இருந்தது. உயரம் என்னவோ ஒரு முழம்தான். நினைப்பு மட்டும் நாற்சந்தியில் பஸ்ஸுக்கே நிழல் கொடுக்கிற மரத்தின் நினைப்பு.

தொட்டி மாற்றும் நாள் வந்தது. வீட்டுக்காரி இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று, தட்டு மாதிரி தாழ்வான மண்தொட்டி. மற்றது, அண்டா அளவுக்குப் பெரிய நீலப் பீங்கான் தொட்டி.

“என்கிட்ட வா. தண்ணி தேங்காது, உன் வேரும் கிளையும் எடுப்பாத் தெரியும்” என்றது மண்தொட்டி.

“சாப்பாட்டுத் தட்டுல போய் நிக்கச் சொல்றியா? பக்கத்து வீட்டுக் குரோட்டன்ஸே சிமென்ட் தொட்டியில இருக்கு. நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. என்னைப் பார்த்து அவங்க வாயைப் பிளக்க வேண்டாமா?”

“பிளப்பாங்க, பிளப்பாங்க. நீ வாடி ராசாத்தி” என்றது நீலத்தொட்டி.

மண்தொட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு போனபோதெல்லாம் ஆலமரம் வேண்டுமென்றே நாலு இலையை உதிர்த்தது. வீட்டுக்காரி பயந்துபோய் நீலத்தொட்டியிலேயே நட்டுவிட்டாள். அதை நிரப்ப ஒரு மூட்டை மண்ணைக் கொட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். ஆலமரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது.

“அடேயப்பா, என்ன அழகு!” ஒரு பெண்மணி ஓடிவந்து நீல விளிம்பைத் தடவிப் பார்த்தாள். “எங்க வாங்கினீங்க? சரி, இதுல என்ன செடி வைக்கப் போறீங்க?”